ஆறு ஏக்கர், ஐந்து யோசனை: பேரங்காடிக்கு நிலம் பிரிக்கும் முன் எங்கள் வீட்டில் போட்ட கணக்கு

அப்பா மலேசியாவில் தோட்டத்துக் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவர். பக்கத்துத் தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்ட காலத்தைக் கண்ணால் பார்த்தவர். அதனால் 'துண்டாடல்' என்ற சொல் எங்கள் வீட்டில் சாவுச் செய்தியைப் போலத்தான் ஒலிக்கும். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் அவற்றை வெட்டிச் சில்லறையாக விற்றார்கள். லயத்து வீடும் (தோட்டத்து வரிசை வீடு) வேலையும் சேர்ந்தே போன குடும்பங்கள் நம்மில் ஏராளம். அதற்கு மறுமொழியாகத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு எடுத்தார்கள், அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. பின்னால் தேசிய நிலச் சட்டத்திலும் 214ஏ என்ற பிரிவு வந்தது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பலர் கைக்குப் பிரித்து மாற்றுவதானால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்கிறது அது.

எங்கள் நிலம் அவ்வளவு பெரிதில்லை. பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறை மத்திய மாவட்டத்தில் அப்பா வாங்கிய ஆறு ஏக்கர், சுமார் 2.4 ஹெக்டேர். தென்னை இருந்தது, இப்போது பாதி புதர். கெரான் முக்கிம் (கெரான் என்றால் நில உரிமைப் பத்திரம்), நிரந்தர உரிமை, விவசாய வகை. மேற்கு மூலையில் அரச மரத்தடியில் ஒரு முனீஸ்வரன் கோயில் இருக்கிறது. அது அப்பா வாங்குவதற்கு முன்பே அங்கே இருந்தது. அப்பா போன பிறகு நிலம் மூவர் பெயரில் வந்தது: அண்ணன், அக்கா, நான். போன வருடம் சூப்பர்மார்க்கெட் நடத்துகிறவர்கள் வந்து கேட்டார்கள். முன்பக்கம் கடைவரிசை, நடுவில் சூப்பர்மார்க்கெட், சுற்றிலும் கார் நிறுத்துமிடம் என்று அக்கம்பக்கத்துத் தாமான்களுக்கான (குடியிருப்புகளுக்கான) நடுத்தரப் பேரங்காடி ஒன்று அவர்கள் மனத்தில் இருந்தது. சன்வே கார்னிவல் என்ற பெரிய பேரங்காடி 2007லேயே வந்துவிட்டது, 2022ல் விரிவும் ஆகிவிட்டது. அதோடு போட்டி போடும் அளவு இல்லை. காய்கறி, மருந்து, முடிவெட்டு, பிள்ளைகளின் டியூஷன் ஆகியவற்றுக்கு நடந்து வந்து போகிற இடம்.

நான் 22 வருடம் லைசென்ஸ் பெற்ற நில அளவையாளர் ஒருவரின் அலுவலகத்தில் பிளான் வரைந்தவன். அதனால் "நீயே பார்த்துச் சொல்லு" என்று இருவரும் என் தலையில் வைத்துவிட்டார்கள். நான் எடைபோட்ட யோசனைகளை இங்கே எழுதுகிறேன். அப்பன் பாட்டன் நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு இருப்பவர்கள் பினாங்கில் நிறையப் பேர். அப்பா நிலத்தை வெட்டப் பயந்தது சரிதான். ஆனால் கோடு போடுவதை விட, போட்ட பிறகு எது எதோடு சேர்ந்து நிற்கிறது என்பதுதான் இருபது வருடம் கழித்துப் பேசும். சாக்கடையை யார் தூர்வாருவது, கார் நிறுத்துமிடத்துக்கு யார் பொறுப்பு, கோயிலுக்கு யார் பெயரில் கெரான் என்ற மூன்று கேள்விகளை வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் பார்த்தேன்.

இரண்டு கதவு

பலர் நேராக நில அலுவலகத்துக்குப் போய் நிற்கிறார்கள். முதல் கதவு அதுவல்ல, மாநகர் மன்றம். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டத்தில் 'மேம்பாடு' என்ற சொல்லுக்குள் கட்டடம் கட்டுவது மட்டுமல்ல, நிலத்தைப் பிரிப்பதும் சேர்ப்பதும்கூட அடங்கும். ஒரு செங்கல் வைக்காவிட்டாலும், கெரானை இரண்டாக்க வேண்டுமென்றால் செபராங் பிறை மாநகர் மன்றத்தின் திட்ட அனுமதி வேண்டும். தொழிலில் இருப்பவர்கள் அதைக் 'கே.எம்.' என்பார்கள். விண்ணப்பம் ஓ.எஸ்.சி. என்ற ஒரே முகப்பில் போய், அங்கிருந்து வடிகால், சாலை, மின்சாரம், தண்ணீர், தீயணைப்பு என்று எல்லாத் துறைக்கும் பிரிந்து கருத்தோடு திரும்பும்.

இரண்டாவது கதவு நில அலுவலகம். அங்கே நிலத்தின் வகை விவசாயத்திலிருந்து கட்டடத்துக்கு மாற வேண்டும், பிரிவும் நடக்க வேண்டும், அதற்காக அரசுக்குப் பிரீமியம் என்ற கட்டணம் கட்ட வேண்டும். குறித்த கெடுவுக்குள் பிரீமியம் கட்டாவிட்டால் வாங்கிய ஒப்புதல் போய்விடும். இந்த இடத்தில் பணம் புரட்ட முடியாமல் சறுக்கிய குடும்பங்களை என் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன். பிளான் போட்ட கையோடு பிரீமியம் யார் கட்டுவது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூர்வாசிகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே இந்த 1976 சட்டம் நடப்பதில்லை. கூட்டரசுப் பிரதேசத்துக்கு 1982ஆம் ஆண்டின் தனித் திட்டச் சட்டம் உண்டு, அனுமதிக்கு 'மேம்பாட்டு ஆணை' என்று பெயர். தாமான் ரிம்பா கியாரா என்ற பூங்காவைப் பற்றிய வழக்கில் 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அப்படியோர் ஆணை செல்லாது என்று உறுதி செய்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தான ஒப்புதல்கூட, அக்கம்பக்கத்தார் குரலைக் கேட்காமல் போனால் நிற்காது.

அக்காவின் யோசனை: முதலில் மூன்றாக வெட்டுவோம்

"தம்பி, எம் பங்கை எனக்குத் தனியா வெட்டிக் குடுத்துரு. மிச்சத்த நீங்க ரெண்டு பேரும் என்ன வேணா செஞ்சுக்குங்க." அக்கா இப்படிச் சொன்னதில் பேராசை எதுவும் இல்லை. மாமா காலமான பிறகு அவளிடம் தன் பெயரில் மட்டும் இருக்கிற ஒரு காகிதம்கூடக் கிடையாது. அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது.

கூட்டு உரிமையாளர்கள் நிலத்தைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்வதற்குப் 'பெச்சா பஹாகியான்' என்று பெயர். ஒருவர் பெயரில் உள்ளதையோ எல்லார் பெயரிலும் உள்ளதையோ பல லாட்டாக, அதாவது பல மனையாக ஆக்குவது 'பெச்சா செம்பாடான்'. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். முதலாவதில் ஆளுக்கொரு கெரான் வரும். இரண்டாவதில் லாட் எத்தனை ஆனாலும் எல்லாவற்றிலும் பழைய பெயர்களே இருக்கும்.

விவசாய நிலத்தை 0.4 ஹெக்டேருக்குக் குறைவாகப் பிரிக்க முடியாது. எங்களுக்கு ஆளுக்கு இரண்டு ஏக்கர், அதாவது 0.8 ஹெக்டேர் வரும், அதனால் சட்டம் தடுக்காது. தடுப்பது சாலைதான். பிரிக்கிற ஒவ்வொரு துண்டுக்கும் வழி இருக்க வேண்டும். எங்கள் நிலம் சாலையை ஒட்டிக் குறுகி, பின்னால் அகன்று போகிறது. மூன்றாக வெட்டினால் ஒருவருக்குச் சாலை முகப்பு, இருவருக்கு ஒற்றையடிப் பாதை. முகப்பு கிடைத்தவர் நல்ல விலைக்கு விற்பார், பின்னால் இருப்பவர் காலம் முழுக்க முன்னால் இருப்பவரைக் கெஞ்சிக்கொண்டிருப்பார். மேலும் இரண்டிரண்டு ஏக்கராக வெட்டிய பிறகு எந்தச் சூப்பர்மார்க்கெட்டும் வராது.

அக்காவிடம் பிளானை விரித்துக் காட்டினேன். பின்பக்கத் துண்டில் விரலை வைத்து, "இது யாருக்கு?" என்று கேட்டாள். யாருக்கும் வேண்டாம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அண்ணன் யோசனை: கடை கடையாக வெட்டி விற்றுவிடலாம்

அண்ணன் கோலாலம்பூரில் இருக்கிறார். "இருபது முப்பது கடை லாட்டா வெட்டி, ஆளாளுக்கு வித்துட்டு, பங்கு போட்டுக்கலாம்டா" என்றார். பணக் கணக்கில் இதை மிஞ்சக்கூடிய வழி இல்லை. ஏக்கர் விலையில் வைத்திருப்பதைச் சதுர அடி விலையில் விற்கிறோம். ஒவ்வொரு கடைக்கும் தனிக் கெரான் என்றால் வாங்குகிறவருக்கு வங்கிக் கடனும் எளிது, சின்ன வியாபாரி ஒருவர் சொந்தக் கடைக்கு உரிமையாளர் ஆகலாம். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். லிட்டில் இந்தியாவில் தலைமுறையாக வாடகைக்கே இருந்து, வாடகை ஏறியதும் கடையைக் காலி செய்தவர்களை நமக்குத் தெரியும்.

ஆனால் இப்படி வெட்டிய கடைவரிசைகள் பிறகு என்ன ஆயின என்பதையும் பார்த்திருக்கிறேன். நான் வரைந்த பிளான் ஒன்றில் கடைகளுக்குப் பின்னால் இருபதடிப் பின்சந்து, அதன் ஓரத்தில் வடிகால். பத்து வருடம் கழித்து அந்தப் பக்கம் போனேன். ஒவ்வொரு கடைக்காரரும் சமையலறையைப் பின்னால் இழுத்திருந்தார்கள். வடிகாலின் மேல் சிமெண்டு. மழை பெய்தால் தண்ணீர் பின்னால் உள்ள தாமானுக்குள் போகிறது. இருபது உரிமையாளர்களில் யாரைக் கேட்பது? அந்தச் சந்து அரசிடம் ஒப்படைக்கப்பட்ட பொதுச் சந்தாக இருந்ததால் மாநகர் மன்றம் தலையிட முடிந்தது. தனியார் நிலமாகவே விட்டிருந்தால் அதுவும் முடிந்திருக்காது. அதற்கப்புறம் பின்சந்தைத் தனியார் நிலமாகக் காட்டும் பிளானைப் பார்த்தால் எனக்கு வயிறு பிசையும்.

வரி விஷயமும் உண்டு. மலேசியக் குடிமக்கள் தனியாளாகச் சொத்தை விற்றால், கைக்கு வந்த ஆறாவது வருடத்திலிருந்து சொத்து இலாப வரி 2022 முதல் சுழியம். ஆனால் நிலத்தை லாட் லாட்டாக வெட்டி, சாலை போட்டு, வரிசையாக விற்றால், அது சொத்து விற்பனை அல்ல, வியாபாரம் என்று வருமான வரி இலாகா பார்க்கக்கூடும். அப்போது கணக்கே வேறு. அண்ணன் இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசவில்லை. கோடு போடும் முன் கணக்காய்வாளர் ஒருவரைப் பார்த்துவிடுவதே நல்லது.

இன்னொன்று, கோயில். கடை லாட்டுகளாக வெட்டும் பிளானில் மேற்கு மூலை 'ஏழு கடை' என்று விழுகிறது. கோயிலை வைத்துக்கொண்டு அந்தப் பிளானை வரைய முடியவில்லை. நான் வரைந்து பார்த்தேன்.

ஸ்ட்ரேட்டா

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு இது பொருந்தாது. ஒரே நிலம், ஒரே கட்டடம், உள்ளே ஒவ்வொரு கடைக்கும் தனி ஸ்ட்ரேட்டா உரிமை. பராமரிப்புக் கட்டணம் உண்டு, அதன் பத்து விழுக்காட்டுக்குச் சமமான தொகையைச் சேமிப்பு நிதிக்குத் தனியாகக் கட்ட வேண்டும், நிர்வாகக் கழகம் உண்டு. சாக்கடைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் பொறுப்பாளி யார் என்ற கேள்விக்கு, காகிதத்தில் மிகத் தெளிவான பதில் இதில்தான் இருக்கிறது.

ஆனால் அங்காடி வேறு, அடுக்குமாடி வேறு. அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சமைக்கிறார் என்பது என் வீட்டைப் பாதிக்காது. அங்காடியில் பக்கத்துக் கடை பூட்டிக் கிடந்தால் என் கடையும் சாகும். நூறு உரிமையாளர்கள் நூறு விதமாக வாடகைக்கு விட்டால் ஒரே மாடியில் ஆறு கைப்பேசிக் கடை, ஒரு மளிகைக் கடையும் இருக்காது. விளக்கு அணைந்த கடைகள் பெருகப் பெருகப் பராமரிப்புப் பணம் வருவது நிற்கும், அடுத்து மின்படி நிற்கும். தீபகற்பம் முழுக்க இப்படி இருளடைந்த ஸ்ட்ரேட்டா அங்காடிகளைக் காணலாம். நிலம் விலை ஏறி உயரமாகக் கட்டியே தீர வேண்டிய ஜார்ஜ்டவுன் போன்ற இடத்தில் அது வேறு பேச்சு. ஆறு ஏக்கரில் தாழ்வாகக் கட்டப்போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி வேண்டாம்.

ஒரே கெரான், குத்தகை

அப்பா இருந்திருந்தால் இதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார். நிலத்தை வெட்டாமல், வகையை மட்டும் மாற்றி, சூப்பர்மார்க்கெட்டுக்கு ஒரு பகுதியைக் குத்தகைக்கும் கடைகளை வாடகைக்கும் விடுவது. நிலம் நம் கையில், வருமானம் மாதா மாதம், யார் எந்தக் கடை என்பது நம் முடிவு. சாக்கடை, கார் நிறுத்துமிடம், குப்பை எல்லாம் ஒரே ஆளின் பொறுப்பு. மூன்று கேள்விகளில் இரண்டுக்கு நல்ல பதில்.

இதை ஏன் நான் முழுமையாக ஏற்கவில்லை? ஓர் எண் குறுக்கே வந்தது. தேசிய நிலச் சட்டத்தின் 221ஆம் பிரிவின்படி, ஒரு கெரானில் உள்ள நிலம் முழுவதையும் குத்தகைக்கு விட்டால் 99 வருடம் வரை விடலாம். நிலத்தின் ஒரு பகுதியை மட்டும் விட்டால் 30 வருடம்தான் உச்சம். மூன்று வருடம் வரையிலான வாடகைக்குப் பதிவு தேவையில்லை, அதற்கு மேல் போனால் குத்தகையாகப் பதிய வேண்டும். இந்த 99க்கும் 30க்கும் இடையில்தான் பேரம் முழுவதும் நிற்கிறது. பெரிய கட்டடம் தன் செலவில் கட்டும் கம்பெனி, 30 வருடத்தில் விட்டுப் போக வேண்டிய நிலத்தில் எவ்வளவு போடும்? வங்கி எவ்வளவு கடன் கொடுக்கும்? எங்களிடம் வந்தவர்கள் இதை முதல் கூட்டத்திலேயே சொன்னார்கள்: தங்கள் பகுதிக்குத் தனிக் கெரான் இருந்தால் நீண்ட குத்தகை பேசலாம், இல்லாவிட்டால் வாடகை குறையும்.

மூன்றாவது கேள்வியிலும் இந்த வழி தோற்கிறது. ஒரே கெரானில் கோயில் இருக்கும்வரை, அது எங்கள் நல்லெண்ணத்தில் நிற்கிற கோயில். நாங்கள் மூவரும் கோயிலைத் தொட மாட்டோம். எங்கள் பிள்ளைகள்? அவர்களிடம் வாங்குகிறவர்கள்? கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா சாலையில் 130 ஆண்டுப் பழமையான ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் நின்ற நிலம் 2014ல் தனியாருக்கு விற்கப்பட்டது. 2025 மார்ச்சில், பெரும் சர்ச்சைக்குப் பிறகு, ஆலயம் வேறிடம் மாறச் சம்மதிக்க வேண்டி வந்தது. பக்தி இருந்தது, வரலாறு இருந்தது, நிலம் மட்டும் கோயில் பெயரில் இல்லை. இங்கே பினாங்கில் குளுகோரில் கம்போங் புவா பாலா 2009ல் இடிக்கப்பட்டபோதும் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த நம் மக்களுக்குக் கெரான் இல்லை. இந்த இரண்டையும் அறிந்த பிறகும், எங்கள் கையால் ஒரு கோயிலைக் கெரான் இல்லாமல் விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் போட்ட கோடு: நான்கே லாட்

அதனால் வெட்டலாம், ஆனால் கொஞ்சமாக வெட்டலாம் என்று முடிவுக்கு வந்தேன்.

முதல் லாட் சூப்பர்மார்க்கெட்டுக்கு, அதன் கார் நிறுத்துமிடத்தோடு. எங்கள் பெயரிலேயே கெரான், முழு லாட்டையும் நீண்ட குத்தகைக்கு விடுவது. விற்பதில்லை. இரண்டாவது லாட் கடைவரிசை முழுவதும் சேர்ந்து ஒரே கெரான். கடைகளை வாடகைக்கு விடுகிறோம், யாருக்கும் துண்டாக விற்பதில்லை. மூன்றாவது சாலையோரம் சின்ன லாட், அது அக்காவுக்கு. பிரிவு முடிந்ததும் மூவர் பெயரிலும் வரும், பிறகு அவள் பங்குக்கு ஈடாக அவள் பெயருக்கு மாற்ற வேண்டும். முத்திரை வரி உண்டு, அதை நாங்கள் இருவரும் ஏற்கிறோம். நான்காவது லாட் கோயில்.

சாலை, மழைநீர்க் குளம், மின் துணைநிலையத்துக்கான இடம் ஆகியவை போக மிஞ்சுவதுதான் நமக்கு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆறு ஏக்கர் என்று கணக்குப் போட்டுப் பங்கு பேசிவிட்டு, பிளான் வந்ததும் ஐந்துகூடத் தேறவில்லை என்று சண்டை. வடிகால் துறையின் மழைநீர் மேலாண்மைக் கையேட்டின் அடிப்படை எளிது: கட்டுவதற்கு முன் நிலத்திலிருந்து எவ்வளவு வேகத்தில் தண்ணீர் வெளியேறியதோ, கட்டிய பிறகும் அதற்கு மேல் போகக்கூடாது. புதர் நிலம் குடித்த மழையைத் தார் குடிக்காது, அதைப் பிடித்து வைக்க ஒரு குளம் வேண்டும். அந்தக் குளத்தைச் சூப்பர்மார்க்கெட் லாட்டுக்குள்ளேயே வைத்தால் எங்கள் இடம் மிச்சம். ஆனால் தூர்வாராமல் விட்டால் பின்னால் உள்ள தாமான் முழுகும், கேட்பதற்கு ஒரு கம்பெனியின் வாசலில் நிற்க வேண்டும். அதனால் குளத்தை வடிகால் ஒதுக்கீடாக அரசுக்கே ஒப்படைக்கச் சொன்னேன். இடம் போகிறது. தாமானில் இருப்பவர்கள் எங்களோடு படித்தவர்கள், அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் போவதைவிட இது மேல்.

கார் நிறுத்துமிடம்தான் இந்தப் பிளானின் பலவீனம், அதை மறைக்கக் கூடாது. மாநகர் மன்றம் இரண்டு லாட்டுக்கும் சேர்த்தே கார் இடங்களை எண்ணும். லாட் தனித்தனி ஆன பிறகு, சூப்பர்மார்க்கெட் தன் பக்கம் தடுப்புக் கம்பம் போட்டால் கடைக்கு வருகிறவர்கள் எங்கே நிறுத்துவார்கள்? முதல் பாதுகாப்பு, குத்தகைப் பத்திரத்திலேயே கார் இடங்கள் பொது என்று எழுதுவது. என்றாவது ஏதோவொரு லாட் வேறு கைக்குப் போனால், பெயர் மாற்றுகிற அன்றே வழி உரிமையையும் வடிகால் உரிமையையும் ஈஸ்மெண்டாக, அதாவது அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையாகப் பதிய வேண்டும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்ட ஈஸ்மெண்டு ஒன்றுகூடப் பதிவானதாக என் அனுபவத்தில் இல்லை.

இதற்கான விண்ணப்ப வழியும் இரண்டு உண்டு. வகை மாற்றத்தையும் பிரிவையும் ஒரே நேரத்தில் கேட்கும், தேசிய நிலச் சட்டத்தின் 124ஏ பிரிவு ஒன்று. நிலத்தை அரசுக்குத் திருப்பிக் கொடுத்து, புதிய அமைப்பில் மறுபடி வாங்கிக்கொள்ளும் 204டி இன்னொன்று, 'செரா பாலேக்' என்று சொல்வது. அடுத்தடுத்த பல கெரான்களைக் கலைத்து ஒன்றாக்கி மறுபடி வெட்ட வேண்டியவர்களுக்கு இரண்டாவது நல்லது. எங்களுடையது ஒரே கெரான். நிரந்தர உரிமையை ஒரு நிமிடம்கூடக் கையைவிட்டு இறக்கி வைக்க எனக்குத் துணிவில்லை. 204டியில் போகிறவர்கள், திரும்பி வருவது நிரந்தர உரிமையா, 99 வருடமா என்பதை ஒப்புதலில் எழுத்தாகப் பார்த்த பிறகே சரணடைவு செய்யுங்கள். நாங்கள் 124ஏ.

லாட் எண்ணிக்கையை இப்போதே சரியாக முடிவு செய்ய இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒப்புதலுக்குப் பிறகு முதலில் வருவது இடைக்கால உரிமை. அளவை முடிந்து இறுதி உரிமை வரும்வரை அந்த நிலத்தை மறுபடி பிரிக்கவோ சேர்க்கவோ முடியாது. "இப்போதைக்கு நாலா வெட்டுவோம், பிறகு ஆறா ஆக்குவோம்" என்ற பேச்சை அண்ணன் இரண்டு முறை எடுத்தார். இரண்டு முறையும் இதைத்தான் சொன்னேன்.

அக்கம்பக்கத்தார்

உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வராத இடத்தில், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு மாநகர் மன்றம் கடிதம் அனுப்ப வேண்டும், அவர்களுக்கு ஆட்சேபிக்க 21 நாள் உண்டு. பக்கத்து நிலம் என்றால் ஒட்டியது மட்டுமல்ல: 20 மீட்டருக்கு மேல் போகாத சாலைக்கோ வடிகாலுக்கோ அப்பால் இருப்பதும், முட்டுச் சாலையைப் பகிர்ந்துகொள்கிற 200 மீட்டருக்குள் உள்ளதும் அதில் சேரும். ஆட்சேபித்தவர்களுக்கு முடிவு பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம்.

எங்கள் இடத்துக்குக் கடிதம் கட்டாயமா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், நான் பிளானைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தாமான் மண்டபத்துக்குப் போனேன். மூன்று பேர் லாரி எந்தப் பக்கம் வரும் என்று கேட்டார்கள். வயதான ஒரு சீனப் பெரியவர் குளத்துக்கு வேலி இருக்குமா, பேரப்பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்றார். லாரி வழியைத் தாமான் பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு மாற்றினோம். கடைவரிசையில் அதற்காக இரண்டு கடை போனது. அந்த இரண்டு கடை வாடகையைவிட 21 நாளில் வரக்கூடிய ஐம்பது ஆட்சேபணைகள் அதிகச் செலவு வைத்திருக்கும் என்று அண்ணனுக்குச் சொன்னேன். உண்மையில் நான் அதற்காக மட்டும் மாற்றவில்லை. விடியற்காலை நான்கு மணிக்குக் குழந்தை தூங்கும் அறைக்குப் பின்னால் லாரி பின்னோக்கிப் போகும் சத்தத்தை நானே கேட்டு வாழ்ந்திருக்கிறேன்.

கோயில் லாட்

சின்ன லாட்தான், ஆனால் அதிக நேரம் எடுத்தது இதுதான். விவசாய நிலத்துக்கான 0.4 ஹெக்டேர் கட்டுப்பாடு, வகை மாறிய பிறகு இதைத் தொடாது. இடம் அதன் பயன்பாட்டுக்குப் போதுமானதாக, ஒழுங்கான வடிவில் இருந்தால் போதும். மரத்தின் வேர் பரவிய அளவையும் சேர்த்துக் கோடு போட்டேன். வேரை வெட்டி மதில் எழுப்பினால் பத்து வருடத்தில் மரம் சாயும், மரம் சாய்ந்தால் அந்த முனியாண்டிக்கு அங்கே என்ன வேலை?

கெரான் யார் பெயரில்? எங்கள் மூவர் பெயரில் வைத்தால் பழைய கதைதான். அரசுக்கு ஒப்படைத்துக் கோயில் ஒதுக்கீடாக அறிவிக்கச் சொல்லலாம், ஆனால் ஒப்படைத்த பிறகு முடிவு நம் கையில் இல்லை. கோயில் குழுவைச் சங்கமாகப் பதிந்து, அறங்காவலர்கள் என்ற தகுதியிலேயே அவர்கள் பெயரைக் கெரானில் பதிவது ஒரு வழி. 1906ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்தின்கீழ் அமைந்து, தண்ணீர்மலைக் கோயிலை நடத்திவரும் பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தைக் கேட்டுப் பார்ப்பது இன்னொன்று. வருடாவருடம் திருவிழா எடுக்கும் பூசாரி குடும்பத்துக்கு வாரியம் என்றால் தயக்கம், தங்கள் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். எனக்கு வாரியத்தின் பக்கம் மனம் சாய்ந்தாலும், அறங்காவலர் வழியைத்தான் எடுக்கிறோம். அறுபது வருடம் விளக்கேற்றியவர்களை ஒதுக்கிவிட்டுக் கோயிலைக் காப்பாற்றினோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பிளானின் முதல் வரைவில் கோயிலுக்கான வழி சூப்பர்மார்க்கெட் கார் நிறுத்துமிடத்துக்குள்ளே போனது. ஈஸ்மெண்டு பதிந்துகொள்ளலாம் என்று திட்டமிடுநர் சொன்னார், எனக்கும் சரியென்றே பட்டது. அக்காதான் பிளானைத் தன் பக்கம் திருப்பி, "திருவிழா அன்னைக்குக் காவடி இந்தக் காருங்களுக்கு நடுவுலயா வரணும்?" என்று கேட்டாள். தன் லாட்டின் ஓரத்தில் பன்னிரண்டு அடியை அவளே விட்டுக்கொடுத்தாள். அதையும் கடைவரிசையின் ஓரத்தையும் சேர்த்து, கோயில் வாசல்வரை போகும் பொதுச் சாலையாக அரசுக்கு ஒப்படைக்கும்படி இப்போது மறுபடி வரைந்துகொண்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் அந்தப் பிளானோடுதான் மாநகர் மன்றத்துக்குப் போகிறோம்.